கப்பலிலிருந்து இறங்கி வந்த அலமாரி

வெளியூரில் வீடு வாங்கும் நம்மவர்கள் ஹால், படுக்கையறை, பூஜை அலமாரி எல்லாம் முடித்த பிறகு கடைசியாக ஒரு இடத்தில் வந்து நிற்பார்கள். "பின் பால்கனியில் ஒரு அடுப்பு மேடையும் நாலு அலமாரியும் போட்டுவிட்டால் என்ன?" மீன் வறுக்கும் வாசனை உள்ளே வராது. தீபாவளிக்கு முறுக்கு சுடும்போது ஹாலில் புகை சூழாது. மேல் மாடிக்காரர்களுக்கு மொட்டை மாடியில் ஒரு பகுதி சேர்ந்து கிடைத்திருந்தால் கேட்கவே வேண்டாம், நம் ஊர்ப் புழக்கடை அடுப்பு அங்கே போய் உட்கார்ந்துவிடும்.

இது வரை சரி. அடுத்து மிஸ்திரி வருவார். மரைன் பிளை, பர்மா டீக், 316 ஸ்டீல், டபிள்யூ.பி.சி. போர்டு என்று நாலைந்து பெயர்களை அடுக்குவார். எல்லாமே "லைஃப் டைம்" என்பார். யாருடைய லைஃப் டைம் என்று அவரும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. வீட்டுக் கடனுக்கு மேல் டாப்-அப் கடன் கேட்டு வருபவர்களை என் மேஜைக்கு எதிரில் நிறையப் பார்க்கிறேன். அதில் ஒரு பெரிய பகுதி இந்த மரவேலைக்குத்தான் போகிறது. எட்டு வருடத் தவணையில் வாங்கிய அலமாரி நாலாவது மழைக்காலத்தில் உப்பி, கதவு மூடாமல் நின்றால், மீதி நாலு வருடம் இல்லாத பொருளுக்குத் தவணை கட்ட வேண்டியிருக்கும். அதனால் இந்தப் பெயர்களெல்லாம் எங்கிருந்து வந்தன என்று கொஞ்சம் படித்துப் பார்த்தேன். நான் வணிகவியல் படித்தவன், தச்சு வேலை தெரியாது. ஆனால் எந்தப் பொருளானாலும் அதன் பழைய கணக்கைப் பார்த்தால் குணம் தெரியும் என்பது என் நம்பிக்கை.

பார்த்ததில் ஒரு வேடிக்கை தெரிந்தது. மிஸ்திரி சொல்லும் பொருட்களில் அநேகமாக எதுவுமே சமையலறைக்காகப் பிறந்ததில்லை. ஒன்று கப்பலுக்கு, ஒன்று விமானத்துக்கு, ஒன்று துப்பாக்கிக்கு, ஒன்று மின்சார வேலைக்கு என்று பிறந்து, வேலை முடிந்த பிறகு நம் வீட்டுக்கு வந்து சேர்ந்தவை. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு எதிரியை வெல்வதற்காக உருவானது. அந்த எதிரியை இன்றும் வெல்லும். மற்ற எதிரிகளிடம் சுலபமாகத் தோற்கும். வெளி அடுப்படிக்கோ எதிரிகள் பலர்: மழை, வெயில், கடலோரமானால் உப்புக் காற்று, கரையான். போதாக்குறைக்குப் புளி, எண்ணெய், அடுப்பின் சூடு.

மூத்தது தேக்கு. நம் 'தேக்கு'தான் மலையாளத்திலும் தேக்கு. போர்ச்சுகீசியர் அதைத் 'தேக்கா' ஆக்க, ஆங்கிலத்தில் 'டீக்' ஆயிற்று. ஐரோப்பியர்கள் கப்பல் கட்டியது ஓக் மரத்தில். ஓக்கில் உள்ள ஒருவகை அமிலம் இரும்பு ஆணிகளை அரிக்கும். தேக்கில் அந்தத் தொல்லை இல்லை. அதில் ஊறியிருக்கும் எண்ணெய்ப் பசை ஆணியையும் காக்கும், பூஞ்சையையும் கரையானையும் தள்ளி வைக்கும். ஈரத்தில் அதிகம் உப்பாது, வெயிலில் அதிகம் சுருங்காது.

மும்பையில் இருக்கும் நமக்கு இந்தக் கதை மிக அருகில் நடந்தது. கப்பல் தச்சரான லவ்ஜி நசர்வான்ஜி வாடியா 1736-ல் சூரத்திலிருந்து பம்பாய்க்கு வந்தார். 1750-ல் இங்கே கட்டப்பட்ட உலர் துறை ஆசியாவிலேயே முதலாவது. இன்றும் கோட்டைப் பகுதியில் கடற்படை வளாகத்துக்குள் இருக்கிறது. வாடியா குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக அங்கே மலபார்த் தேக்கில் கப்பல் கட்டினார்கள். 1842-ல் ஹாங்காங்கை பிரிட்டனுக்கு எழுதிக் கொடுத்த நான்கிங் ஒப்பந்தம் கையெழுத்தானது அவர்கள் 1813-ல் கட்டிய 'கார்ன்வாலிஸ்' கப்பலில்தான்.

அதைவிட எனக்குப் பிடித்தது இன்னொரு கப்பல். பெயர் 'டிரிங்கமலி', அதாவது நம் திருகோணமலை. 1782-ல் அந்தத் துறைமுகத்துக்கு அருகே நடந்த கடற்போரின் நினைவாக வைத்த பெயர். அதன் வரைபடங்களைக் கொண்டு வந்த கப்பல் 1812-ல் போரில் மூழ்கிப் போனதால் வேலை தள்ளிப் போய், 1817 அக்டோபரில் பம்பாயில் நீரில் இறக்கினார்கள். இன்று இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரில் மிதக்கிறது. ஐரோப்பாவில் இன்னும் மிதக்கும் போர்க்கப்பல்களில் அதுதான் மிகப் பழையது. பழுது பார்த்த பிறகும் அதன் மரத்தில் பாதிக்கு மேல் பம்பாயில் அறைந்த அதே மரம். இருநூறு வருடம் உப்புத் தண்ணீரில் நின்ற மரத்துக்கு நம் பால்கனி மழை எம்மாத்திரம்?

ஆனால் அவசரப்பட வேண்டாம். அந்தக் கப்பலில் போனது காட்டில் முற்றி, வைரம் பாய்ந்த கட்டை. தேக்கின் பலமெல்லாம் அந்த உள் வைரத்தில் இருக்கிறது. வெளிப்புறத்து வெள்ளைப் பகுதிக்கு அந்தக் குணம் கிடையாது. கரையான் அதைச் சாதாரண மரம் போலத்தான் தின்னும். கப்பல் தேவைக்காக மலபார்க் காடுகள் வேகமாகக் காலியாயின. 1840-களில் மலபார் கலெக்டர் கனோலி, நிலம்பூரில் தேக்கை நட்டு வளர்க்க ஆரம்பித்தார். அந்த வேலையை நேரில் நின்று நடத்தியவர் சாத்து மேனன். உலகின் ஆரம்பகாலத் தேக்குத் தோட்டங்களில் அது ஒன்று. விதை முளைக்க வைப்பதற்கே முதலில் படாத பாடு பட்டிருக்கிறார்கள்.

மலபாரில் மரம் குறைந்ததும் கண் பர்மா பக்கம் போயிற்று. 1863-ல் தொடங்கிய பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் அங்கே தேக்கு வெட்டும் உரிமை வாங்கியது. வெட்டிய கட்டைகளைக் குறைத்துக் கணக்குக் காட்டியது என்று 1885-ல் பர்மிய அரசவை அதற்குப் பெரும் அபராதம் போட்டது. பிரிட்டிஷ் அரசு அதைச் சாக்காக வைத்துப் படையெடுத்தது, சில வாரங்களில் மாண்டலே விழுந்தது. தீபா மன்னரைச் சில மாதம் சென்னையில் வைத்திருந்துவிட்டு ரத்னகிரிக்குக் கொண்டு வந்தார்கள். 1916-ல் இறக்கும் வரை அங்கேயேதான் இருந்தார். கொங்கண் ரயிலில் ஊருக்குப் போகிறவர்கள் ரத்னகிரியில் இறங்கினால் அவர் வாழ்ந்த மாளிகையைப் பார்க்கலாம். மரக் கணக்குக்காக ஒரு அரசே போன கதை வேறெங்கும் உண்டா தெரியவில்லை. செட்டிநாட்டு வீடுகளின் தூண்களும் கதவுகளும் அந்தப் பர்மாவிலிருந்து வந்தவைதான்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், 'பர்மா டீக்' என்ற பெயருக்கு இன்னும் விலை இருக்கிறது. மியான்மர் 2014 ஏப்ரல் முதல் அறுக்காத தேக்குக் கட்டைகளின் ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. கடையில் இன்று அந்தப் பெயரில் விற்பதில் எவ்வளவு உண்மையான பர்மா என்பது வாங்குபவர் சாமர்த்தியம். ஊர்ப் பெயரைக் கேட்காதீர்கள். பலகையைத் திருப்பி, வெள்ளை எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். பழைய வீடு இடித்த மரக் கடைகளில் கிடைக்கும் உத்திரமும் நிலையும் பல சமயம் புதுப் பலகையை விட நல்ல கட்டை. வெளியில் வைத்த தேக்கு ஒன்றிரண்டு வருடத்தில் சாம்பல் நிறமாகும். அது நிறம் போவதுதான், பலம் போவதில்லை. அதற்குப் பயந்து கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்டால், பாலிஷ் வெடித்து, வெடிப்பில் தண்ணீர் தங்கி, இல்லாத கெடுதல் வரும்.

அடுத்தது பிளைவுட். இங்கேதான் பெரும்பாலோர் பணம் போகிறது, ஆகவே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

மரத்தை மெல்லிய ஏடாகச் சீவி, ஒன்றின் குறுக்கே ஒன்றாக ஒட்டினால் வளையாது, பிளக்காது என்பது பழைய அறிவு. சிக்கல் ஒட்டும் பசையில். நம் தச்சர்கள் வஜ்ஜிரம் காய்ச்சி ஒட்டினார்கள், வடக்கில் அதற்கு சரேஷ் என்று பெயர். வெளிநாட்டில் மாட்டு இரத்தம், பால்புரதம், சோயா மாவு எல்லாவற்றிலும் பசை செய்தார்கள். எல்லாம் தண்ணீர் பட்டால் இளகும். (1959-ல் வந்த ஃபெவிகால் நம் தச்சர்களை வஜ்ஜிரம் காய்ச்சும் நாற்றத்திலிருந்து விடுவித்தது. ஆனால் அந்தச் சாதாரண வெள்ளைப் பசையும் தொடர்ந்து நனையும் இடத்துக்கானதல்ல.)

1907-ல் பேக்லண்ட் என்ற பெல்ஜியக்காரர் அமெரிக்காவில் பேக்கலைட்டைக் கண்டுபிடித்தார். பழைய கருப்பு சுவிட்சு, கருப்பு டெலிபோன் எல்லாம் அந்தப் பொருள்தான். பீனாலும் ஃபார்மால்டிஹைடும் சேர்ந்து ஒருமுறை இறுகினால் பிறகு வெந்நீரிலும் இளகாது. இதே வகைப் பிசினைப் பிளைவுட்டுக்குப் பசையாக்கலாம் என்று தெரிந்த பிறகுதான் நிலைமை மாறியது. 1934-ல் வாஷிங்டன் மாநிலத்தின் ஒரு பிளைவுட் ஆலையில் வேலை பார்த்த ஜேம்ஸ் நெவின் என்ற வேதியியலாளர் முழுக்க நீர் புகாத பசையை உருவாக்கினார். உடனே இரண்டாம் உலகப் போர் வந்தது, பிளைவுட் படகாகவும் விமானமாகவும் ஆயிற்று.

அதில் ஒரு விமானம் நம் மழையிடம் மாட்டிக் கொண்டது. பிரிட்டனின் 'மஸ்கிட்டோ' விமானம் பெரும்பாலும் மரம். பால்சா மரத்தை நடுவில் வைத்து இருபுறமும் பிர்ச் பிளைவுட் ஒட்டிய உடம்பு. 1940 நவம்பரில் முதலில் பறந்தது. ஐரோப்பாவில் பிரமாதமாகப் பறந்த அதே விமானம், 1944-ல் இந்தியா-பர்மா பகுதியில் சில விபத்துகளைச் சந்தித்தது. ஒட்டு விட்டுப் போயிருந்தது என்று சந்தேகம் வந்து, பறப்பதைச் சிறிது காலம் நிறுத்தியே வைத்தார்கள். ஆரம்ப விமானங்களில் பால்புரதப் பசை, பிறகு ஃபார்மால்டிஹைடு வகைப் பசைக்கு மாறியிருந்தார்கள். விசாரித்தவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு. ஒரு தரப்பு மழைக்காலத்தில் மரம் உப்பிச் சுருங்கியதைச் சொன்னது, இன்னொரு தரப்பு தொழிற்சாலையில் இணைப்புகளைச் சரியாகப் பொருத்தாமல் விட்டதைச் சொன்னது. நம் மிஸ்திரிக்கும் நமக்கும் நடக்கும் சண்டையும் இதேதான். பிளை மோசமா, வேலை மோசமா?

நம் நாட்டில் பிளைவுட் வளர்ந்தது தேயிலைப் பெட்டிக்காக. அஸ்ஸாம் தோட்டங்களிலிருந்து தேயிலை கப்பலேறும் பெட்டிகள். இந்தியத் தர நிர்ணயத்தில் ஐ.எஸ். 1 என்பது தேசியக் கொடி, ஐ.எஸ். 10 தேயிலைப் பெட்டிப் பிளைவுட். அந்தக் காலத்தில் அதற்கு எவ்வளவு முக்கியத்துவம் என்று இதிலிருந்தே தெரியும். நமக்கு வேண்டியவை வேறு இரண்டு எண்கள். ஐ.எஸ். 303 பொது உபயோகத்துக்கானது. அதில் எம்.ஆர். என்று அச்சிட்ட ரகம் ஈரப்பதத்தைத் தாங்கும், அவ்வளவுதான். தொடர்ந்த நனைவுக்கு அல்ல. ஐ.எஸ். 710 தான் மரைன் பிளை. இதில் பீனால் பசை, பூச்சி மருந்து ஏற்றுவது இரண்டும் கட்டாயம். துண்டு வெட்டிக் கொதிநீரில் 72 மணி நேரம் போட்டாலும் ஏடு பிரியக் கூடாது என்பது சோதனை.

இந்த அஸ்ஸாம் பிளைவுட் கதையில் நம் பக்கத்து மனிதர் ஒருவர் குறுக்கிட்டார். நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாடு, நீலகிரி மாவட்டம் கூடலூரில் காடு அழிவதைத் தடுக்கக் கோரி 1995-ல் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 12-ல் நீதிபதி ஜே.எஸ். வர்மா அமர்வு கொடுத்த இடைக்கால உத்தரவு கூடலூரோடு நிற்கவில்லை, நாடு முழுவதற்கும் போயிற்று. அருணாசலப் பிரதேசத்திலும் அதன் எல்லையை ஒட்டிய அஸ்ஸாம் பகுதியிலும் மர ஆலைகளும் பிளைவுட் ஆலைகளும் மூடப்பட்டன. வடகிழக்கிலிருந்து மரம் வெளியே போவது நின்றது. கனோலி தேக்கு நட்ட அதே நிலம்பூரின் பெயர், நூற்றைம்பது வருடம் கழித்து மர வரலாற்றில் இப்படி மறுபடியும் வந்தது.

அதன் பிறகு தொழில் இடம் மாறியது. ஹரியானாவின் யமுனாநகர், கேரளாவின் பெரும்பாவூர் என்று போயிற்று. ஹோலோங் போன்ற காட்டு மரத்துக்குப் பதில் விவசாயி வயல் ஓரத்தில் வளர்க்கும் பாப்ளர், யூகலிப்டஸ், ரப்பர் மரம். காட்டுக்கு இது நல்லது, உழவருக்கும் வருமானம். (வடக்கே பாப்ளர் நட 1980-களில் வங்கிக் கடனும் கொடுத்தார்கள். எங்கள் துறைக்காரர்கள் செய்த நல்ல காரியங்களில் ஒன்று என்று நான் சொல்லிக் கொள்வேன்.) ஆனால் பாப்ளர் மென்மையான மரம். சொந்தமாக எந்தப் பூச்சியையும் எதிர்க்காது. ஆகவே இன்றைய பிளைவுட்டின் ஆயுள் மரத்தில் இல்லை, பசையிலும் மருந்திலும் இருக்கிறது. அவை இரண்டும் கண்ணுக்குத் தெரியாது. தெரிவது முத்திரை மட்டும். ஐ.எஸ்.ஐ. குறிக்கு அருகில் 'சி.எம்./எல்' என்று தொடங்கும் உரிம எண் இருக்க வேண்டும். அதை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுப் பார்த்தால் உண்மையான ஆலையா என்று தெரிந்துவிடும். 'மரைன்' என்று வெறுமனே பெயின்டில் எழுதியிருப்பதற்கு மதிப்பில்லை.

முத்திரை சரியாக இருந்தாலும் ஒரு இடம் பாக்கி. கொதிநீர்ச் சோதனை பசையைத்தான் சோதிக்கிறது. மிஸ்திரி அறுத்த ஓரம் எந்தத் தர நிர்ணயத்திலும் வராது. பலகையின் முகம் தண்ணீரைத் தடுக்கும், அறுத்த ஓரம் உறிஞ்சுகுழல் மாதிரி குடிக்கும். கீல் திருகிய துளை, தரையில் உட்காரும் அடிப்பக்கம், சிங்க்குக்கு வெட்டிய ஓட்டை, எல்லாமே ஓரம்தான். 2005 ஜூலை 26-ல் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மி.மீ. பெய்ததே, அந்த வெள்ளம் வடிந்த பிறகு தரைத்தள வீடுகளிலிருந்து தெருவில் வந்து விழுந்த அலமாரிகள் எல்லாம் கீழிருந்துதான் விரிந்திருந்தன. மேலே சன்மைக்கா பளபளவென்று அப்படியே இருந்தது.

சன்மைக்கா என்று நாம் சொல்லும் லேமினேட்டின் பூர்வீகம் மின்சாரம். 1912-13 வாக்கில் அமெரிக்காவில் இரண்டு எஞ்சினியர்கள், மின் காப்புக்குப் பயன்பட்ட மைக்காவுக்குப் பதிலாக என்ற பொருளில் 'ஃபார்மைக்கா' என்று பெயர் வைத்தார்கள். மைக்காவுக்காக, அவ்வளவுதான். சூடு, கறை தாங்கும். வெயிலுக்காகச் செய்தது இல்லை. மேற்கு பார்த்த பால்கனியில் சாதாரண உள்வீட்டு லேமினேட் நிறம் போய், ஓரம் எழும்பும்.

இப்போது இரும்புப் பக்கம் வருவோம். 1913-ல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி துப்பாக்கிக் குழல் சீக்கிரம் தேயாமல் இருக்க வழி தேடினார். குரோமியம் சேர்த்த எஃகு துருப்பிடிக்கவில்லை என்று கவனித்தார். அதற்குச் சற்று முன்பே ஜெர்மனியில் க்ரூப் ஆலையில் குரோமியத்தோடு நிக்கலும் சேர்த்து வேறொரு ரகம் செய்து காப்புரிமை வாங்கியிருந்தார்கள். நம் சமையலறைக்கு வந்தது இந்த இரண்டாவது வம்சம். நாம் அதற்கு எவர்சில்வர் என்று அழகாகப் பெயர் வைத்தோம். 1981-82-ல் சேலம் உருக்காலை தகடு உருட்ட ஆரம்பித்த பிறகு 'சேலம்' என்பதே ஒரு தர முத்திரை ஆயிற்று.

வெளியில் அது எத்தனை நாள் நிற்கும்? நியூயார்க்கின் கிரைஸ்லர் கட்டடத்தின் உச்சி 1930-லிருந்து வெயில், மழை, பனி எல்லாம் பார்த்துக்கொண்டு நிற்கிறது. இத்தனை காலத்தில் கழுவியது ஓரிரு முறைதான். இதைக் கேட்டதும் ஸ்டீலே போதும் என்று தோன்றும். நம் கடலோரத்துக்கு ஒரு திருத்தம் உண்டு. ஸ்டீலைக் காப்பது அதன் மேல் தானாக உருவாகும் மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலம். உப்பு அந்தப் படலத்தைத் துளைக்கும். பொதுவான 304 ரகத்தில் கடற்காற்று பட்டால் டீ சிந்தியது போலப் பழுப்புக் கறை வரும், அந்தத் தொழிலில் அதற்குப் பெயரே 'டீ கறை'தான். 316-ல் சுமார் 2 சதவீதம் மாலிப்டினம் சேர்ப்பதால் உப்பை இன்னும் நன்றாகத் தாங்கும். மழையில் நேரடியாக நனையும் ஸ்டீலை விட, கூரைக்கு அடியில் மழை படாமல் உப்பு மட்டும் படியும் ஸ்டீல்தான் சீக்கிரம் கறைபடும். மழை உப்பைக் கழுவிவிடுகிறது! ஆகவே மூடிய பால்கனியில் மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் துடைப்பது மாலிப்டினத்துக்குச் சமம்.

நம் நாட்டில் இன்னொரு கண்ணியும் உண்டு. நிக்கல் விலை அதிகம். அதற்குப் பதில் மாங்கனீஸ் சேர்த்த 200 வரிசை ஸ்டீல் இங்கே பாத்திரத்துக்கும் பர்னிச்சருக்கும் ஏராளமாகப் போகிறது. டம்ளருக்கு அது குறையில்லை. கடலோர பால்கனிக்குப் போதாது. காந்தம் ஒட்டவில்லையென்றால் நல்ல ஸ்டீல் என்று கடைக்காரர் செய்து காட்டும் சோதனை இதில் செல்லாது, 200 வரிசையிலும் காந்தம் ஒட்டாதுதான். எந்த கிரேடு என்பதைப் பில்லில் எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் பதில் கிடைத்துவிட்டது என்று அர்த்தம். கீலும் டிராயர் சேனலும் எந்த ரகம் என்றும் சேர்த்துக் கேளுங்கள், தகடு நன்றாக இருந்து கீல் துருப்பிடித்துக் கதவு தொங்குவதுதான் அதிகம் நடக்கிறது.

அலுமினியத்தைச் சுருக்கமாக முடிக்கிறேன். அதற்கு மேலே கடினமான ஆக்சைடு பூச்சு ஏற்றும் அனோடைசிங் முறை 1923-ல் கடல்விமான பாகங்கள் உப்பில் அரிக்காமல் இருக்க வந்தது. எடை குறைவு, கரையான் பயமில்லை. ஈரச் சிமெண்ட் பட்டால் அரிக்கும், புளித் தண்ணீர் தங்கினால் கறைபடும். பிளாஸ்டிக் பலகைகளில் பாலிஎத்திலீனுக்கு 1933-ல் பிறந்த கதையும், போர்க்காலத்தில் ரேடார் கேபிளுக்கு உறை போட்ட கதையும் உண்டு. தண்ணீர் அதை ஒன்றும் செய்யாது, எதிரி வெயில். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி கருப்பாக இருப்பது அந்த வெயிலைத் தாங்கத்தான். இன்று டபிள்யூ.பி.சி., பி.வி.சி. என்று விற்கும் பலகைகளும் நனைவதற்குப் பயப்படாதவை. ஆனால் அடுப்புக்குப் பக்கத்தில் இளகும், நீளத் தட்டில் அரிசி டின் வைத்தால் தொய்யும்.

சமையலறையை மனதில் வைத்தே பொருள் தேர்ந்தெடுத்த ஒருவரும் வரலாற்றில் உண்டு. 1926-ல் ஃபிராங்க்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்கு சமையலறை வரைந்த மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி. இன்றைய மாடுலர் கிச்சனுக்கெல்லாம் பாட்டி அது. மாவு டிராயருக்கு ஓக் மரம் போட்டார், அதன் கசப்புக்குப் புழு வராது என்று. நறுக்கும் மேடைக்கு பீச் மரம், கறைபடாது என்று. கதவுகளுக்கு நீலம், அந்த நிறத்தில் ஈ உட்காராது என்று. கப்பலில் ஆணியை அரித்த அதே ஓக் அமிலம், இங்கே மாவைக் காக்கிறது பாருங்கள். எந்த இடத்தில் எந்த எதிரி என்று பிரித்துப் பார்த்திருக்கிறார் அந்த அம்மாள்.

நம் பாட்டிமார் வேறு வழியில் போனார்கள். புழக்கடை அடுப்படியில் அலமாரியே வைக்கவில்லை. செங்கல் மேடை, மேலே கல், பொருளெல்லாம் வேலை முடிந்ததும் உள்ளே போய்விடும். அந்த யோசனையின் இன்றைய வடிவம் கடப்பாக்கல். ஆந்திராவின் கடப்பைப் பக்கத்திலிருந்து வரும் கருப்புச் சுண்ணாம்புக்கல். மும்பையின் பழைய சமையலறைகளில் அலமாரித் தட்டுகளெல்லாம் அதுதான். மாட்டுங்கா, செம்பூர் பழைய கட்டடங்களில் ஐம்பது வருடமாக நிற்பதைப் பார்க்கலாம். உப்பாது, கரையான் தொடாது, உப்புக் காற்று ஒன்றும் செய்யாது. எலுமிச்சையும் புளியும் மட்டும் அதன் பளபளப்பைத் தின்னும், சுண்ணாம்புக்கல் அல்லவா.

அதனால் என்னைக் கேட்பவர்களுக்கு நான் சொல்வது, ஒரே பொருளில் முழு அலமாரியும் செய்யாதீர்கள் என்பதுதான். உடம்பு செங்கல் அல்லது கடப்பாக்கல், அதற்கு ஓரமே கிடையாது. எடையை பால்கனித் தளம் தாங்குமா என்று முதலில் சொசைட்டியின் எஞ்சினியரிடம் கேளுங்கள், கேட்காமல் சுவர் எழுப்பிவிட்டு நோட்டீஸ் வாங்காதீர்கள். கதவு மட்டும் பழைய தேக்குச் சட்டத்தில், கடலோரமானால் 316 தகட்டில். பிளைவுட்தான் கையிருப்புக்கு ஒத்து வரும் என்றால் ஐ.எஸ். 710 வாங்கி, அறுத்த ஒவ்வொரு ஓரத்துக்கும் கீல் துளைக்கும் எபாக்சி தடவிய பிறகே பொருத்தச் சொல்லி, அந்த ஒரு நாள் மட்டும் லீவு போட்டுப் பக்கத்தில் நில்லுங்கள்.

குஜராத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு வழி திறந்திருக்கிறது. பாவ்நகர் பக்கம் ஆலங்கில் 1983 முதல் பழைய கப்பல்களை உடைக்கிறார்கள். சாலையோரம் வரிசையாகக் கடைகள். கப்பல் சமையலறையின் ஸ்டீல் மேஜை, அலமாரி, சிங்க் எல்லாம் எடைக் கணக்கில் கிடைக்கும். கடலில் இருபது வருடம் சமைத்துப் பழகியவை. சுவர்ப் பலகைகளை மட்டும் தொடாதீர்கள், பழைய கப்பல்களில் அவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஸ்டீலை வாங்கி வந்தால் அடியில் நாலு அங்குலம் கால் வைத்துத் தரையிலிருந்து தூக்கி வையுங்கள். கேஸ் சிலிண்டர் வைக்கும் பெட்டிக்குக் கீழ்ப்பக்கம் கட்டாயம் துளை விடுங்கள், சமையல் வாயு காற்றை விடக் கனமானது, கசிந்தால் அடியில்தான் தேங்கும்.